டீச்சரைக் கேளுங்கள்: தூண்டிலுக்கு வீட்டிலேயே புழு

போன இதழில் மரக்கறிக் கழிவைப் பற்றி எழுதியபோது, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பின்பக்கப் பல்கனியில் தூண்டிலுக்கென்று புழு வளர்ப்பதாக ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். எனக்குச் சந்தோஷம். உயர்தர வகுப்பில் விலங்கியல் படிப்பித்த காலத்தில், மண்புழு என்றாலே பிள்ளைகள் வெட்டிப் பார்க்கும் பிராணி என்றுதான் நினைப்பார்கள். உயிரோடு வளர்த்துப் பார்க்கக் கேட்டு இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள். இந்த முறை பக்கம் முழுக்கப் புழுவுக்கே.

டீச்சர், நான் மட்டக்குளி. ஞாயிறு என்றால் நானும் கூட்டாளிமாரும் களனி கங்கைக் கரையில்தான். முந்தி வாய்க்கால் ஓரத்தில் நாலு கொத்துக் கொத்தினால் வேண்டிய புழு கிடைக்கும். இப்போது எல்லா இடமும் கொங்கிறீட். வெய்யில் காலத்தில் ஒன்றுமே இல்லை. யூடியூபில் ‘நைட்குரோலர்’ என்று விரல் தடிப்பில் புழு வளர்க்கிறார்கள். எங்கள் வீடு இரண்டாம் மாடி, மண் தரை கிடையாது. வளர்க்க முடியுமா?
– தூண்டில்காரன், மட்டக்குளி

முடியும் தம்பி. மண் தரையே வேண்டாம். ஆனால் பெட்டி வாங்க முதல், எந்தப் புழு என்று தெரிந்துகொள்ளுங்கள். நைட்குரோலர் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு புழுக்களை விற்கிறார்கள். கனடாப் புழு, ஐரோப்பியப் புழு, ஆபிரிக்கப் புழு. நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலும் முதல் இரண்டும்தான் வரும். கனடாப் புழு குளிரில் வாழ்வது. ஐரோப்பியப் புழு கொஞ்சம் சூடு தாங்கும், ஆனாலும் 25 பாகைக்கு மேலே போனால் திணறும். கொழும்பில் இரவிலேயே வெப்பநிலை 25 பாகையளவில்தான் நிற்கிறது. பகலில் 30, 31. நமக்கு ஏற்றது ஆபிரிக்கப் புழுதான். விஞ்ஞானப் பெயர் யூட்ரிலஸ் இயூஜினியே, சொந்த ஊர் மேற்கு ஆபிரிக்கா. 22 முதல் 30 பாகை வரை அதற்கு நல்ல காலம். மண்புழு உரம் செய்கிறவர்களிடம் கேட்டால் கிடைக்கும். முதுகு ஊதா கலந்த சாம்பல் நிறம், வெளிச்சத்தில் பிடித்தால் நீலமாக ஒரு மினுக்கம், வால் ஒரே சீராக ஒடுங்கிக் கூராக முடியும். இந்த மூன்றையும் பார்த்து வாங்குங்கள். கால் கிலோ போதும் தொடங்க.

பெட்டிக்குச் செலவழிக்க வேண்டாம். மீன்காரர் எறியும் ரெஜிபோம் பெட்டி இருக்கிறதே, அதைவிட நல்லது இல்லை. தடித்த சுவர், வெய்யில் சூடு உள்ளே இறங்காது. ஆனால் நன்றாகக் கழுவி, ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, திரும்பவும் கழுவுங்கள். உப்பு கொஞ்சமும் இருக்கக் கூடாது. மண்புழு தோலால் மூச்சு விடுகிற பிராணி. அந்த ஈரத் தோலில் உப்புப் பட்டால் உள்ளே இருக்கிற தண்ணீர் எல்லாம் வெளியே வந்து சுருண்டுவிடும். அடியில் நாலைந்து துளை, மேல்பக்கச் சுவரில் காற்றுக்குச் சில துளை போட்டு, எல்லாத் துளைக்கும் உள்ளே நுளம்பு வலைத் துண்டு ஒட்டுங்கள். ஆழம் ஓர் அடி போதும். இந்தப் புழு கீழே ஆழத்துக்குப் போகாது, மேல்மட்டத்திலேயே தின்று திரியும். அகலம்தான் முக்கியம்.

உள்ளே மண் போட வேண்டாம். தும்புத்தூள், கிழித்த காட்போட் மட்டை, மக்கிய மாட்டுச்சாணி மூன்றும் கலந்து நிரப்புங்கள். தும்புத்தூளிலும் உப்பு இருக்கும், ஏனென்றால் தென்னை மட்டையைக் கரையோர உவர்நீரில் ஊறப் போடுகிற இடங்கள் உண்டு. அதனால் மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து எடுங்கள். சாணி பச்சையாக இருந்தால் பெட்டிக்குள் சூடு கிளம்பும், அமோனியாவும் வரும், ஓர் இரவிலேயே புழு முழுவதும் போய்விடும். பூங்கன்றுத் தோட்டங்களில் பைகளில் விற்கிற, மணமே இல்லாத பழைய சாணிதான் சரி. மாட்டுக்குப் பூச்சி மருந்து கொடுத்திருந்தால் அந்தச் சாணியைச் சில கிழமைக்கு எடுக்க வேண்டாம். மருந்து சாணியோடுதான் வெளியே வரும்.

ஈரம் பார்ப்பது கையால்தான். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி வந்தால் சரி. ஒழுகினால் காட்போட் மட்டை சேர்க்க வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், இரவு முழுக்கத் திறந்த வாளியில் வைத்துவிட்டுத் தெளியுங்கள்.

புழுவைப் போட்ட முதல் நாலைந்து நாள் ஒன்றும் கொடுக்காதீர்கள். சாணியே சாப்பாடு. பிறகு பப்பாசித் தோல், பூசணிக் குடல், வத்தகப்பழத் தோல், கீரைத் தண்டு, ஊறிய தேயிலைச் சக்கை எல்லாம் கொடுக்கலாம். ஃபிரிட்ஜின் மேல்தட்டில் ஒரு நாள் உறைய வைத்து, பிறகு இளக விட்டுக் கொடுத்தால் கெதியாக மக்கும், பழ ஈ முட்டைகளும் செத்துவிடும். ஒரு மூலையில் புதைத்து வையுங்கள். அது முடிந்த பிறகுதான் அடுத்த மூலை. முட்டைக்கோது காயவைத்து இடித்த தூள் கிழமைக்கு ஒரு கரண்டி தூவினால் புளிப்பு ஏறாது. தேசிக்காய், தோடம்பழத் தோல், வெங்காயம், மிளகாய், கறி எதுவும் வேண்டாம். சோறும் வேண்டாம். சோறு புளித்துச் சூடாகும், நம் வீடுகளில் புழுப்பெட்டி கெடுவது பெரும்பாலும் சோற்றால்தான்.

கொஞ்ச நாளில் மேலே தேயிலைத் தூள் மாதிரி மணிமணியாக ஒரு படை தெரியும். அது புழுவின் எச்சம். அதைச் சுரண்டி எடுத்துக் கறிவேப்பிலைச் சட்டிக்குப் போடுங்கள். அந்தச் சட்டியைப் பார்த்துவிட்டு அம்மா பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டா.

டீச்சர், என்ர மகன் உங்கட எழுத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறான். மூன்று கிழமை நல்லபடி இருந்தது. போன கிழமை இடி மழை பெய்த இரவு, காலையில் எழும்பிப் பார்த்தால் குசினி வரைக்கும் நாக்கிளிப்புழு. பாதி செத்துக் காய்ந்து கிடந்தது. எனக்கு அருவருப்பு. மிச்சத்துக்குச் சிவப்பெறும்பு வேறு வந்துவிட்டது. எடுத்து எறியச் சொல்லட்டா?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி

எறியச் சொல்லாதீங்கோ தங்கச்சி. பிள்ளை சரியாகத்தான் செய்திருக்கிறான். மழை இரவில் ஊர்ந்து வெளியேறுவது இந்தப் புழுவின் குணம். காற்றில் ஈரம் ஏறினால் தோல் காயாது என்று அதற்குத் தெரியும், இடம் மாறக் கிளம்பிவிடும். கொழும்பில் பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடிமழை வருகிற மாதங்களில் இது கட்டாயம் நடக்கும்.

வழி இருக்கிறது. மண்புழுவுக்குக் கண் இல்லை, ஆனால் தோல் முழுக்க வெளிச்சத்தை உணரும் கலங்கள் உண்டு. வெளிச்சம் என்றால் உள்ளே போய்விடும். மூடியைக் கழற்றி, வலையைப் போட்டு இறுக்கிக் கட்டி, மேலே ஒரு சின்ன எல்இடி பல்பை மழை இரவுகளில் விடிய விடிய எரிய விடுங்கள். மின்சாரம் போகிற இரவென்றால் மூடியைப் பூட்டி மேலே ஒரு செங்கல் வையுங்கள், சுவர்த் துளையால் காற்றுப் போகும். ஒரு விஷயம் மட்டும் பார்க்க வேண்டும். மழை இல்லாத நாளிலும் வெளியே வந்தால் பெட்டிக்குள் ஏதோ பிழை. புளித்திருக்கும், அல்லது அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். மூக்கைக் கிட்டக் கொண்டுபோங்கள். சரியான பெட்டியில் மழை பெய்த மண் மணம்தான் வரும். நாற்றம் வந்தால் சாப்பாட்டை எடுத்துவிட்டுக் கிளறி, காய்ந்த மட்டை போடச் சொல்லுங்கள்.

எறும்புக்குப் பெட்டியை முக்காலியிலோ ஸ்டூலிலோ வைத்து, கால்களை யோகட் கோப்பையில் நிறுத்துவது பழைய முறை. ஆனால் கோப்பையில் வெறும் தண்ணீர் விடவே கூடாது. நம் ஊரில் அது டெங்கு நுளம்புக்குத் தொட்டில். முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் வழக்கும் வரும். அதைவிடப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நாம் என்ன பதில் சொல்வது? தண்ணீருக்குப் பதிலாகப் பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஊற்றுங்கள். பெட்டியின் அடியில் வடிகிற நீரைப் பிடிக்கிற தட்டையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை கவிழ்த்துத் துடைக்க வேண்டும். இதை மகனிடம் விடாமல் நீங்களே ஒரு தடவை பாருங்கோ.

மண்புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகும் என்று எங்கள் வகுப்பில் சொல்கிறார்கள். உண்மையா டீச்சர்?
– தரம் 8 மாணவன், தெமட்டகொடை

இல்லை ராசா. உடலில் ஒரு தடித்த வளையம் தெரியும் பார், அது தலைப் பக்கத்துக்குக் கிட்ட இருக்கும். அதற்குப் பின்னால், வால் பக்கமாக வெட்டுப்பட்டால், தலை உள்ள துண்டு பிழைத்து வாலை வளர்த்துக்கொள்ளக் கூடும். வால் துண்டு கொஞ்ச நேரம் துடிக்கும், பிறகு செத்துவிடும். அந்தத் துடிப்பைப் பார்த்துத்தான் இரண்டு புழு என்கிறார்கள். பரிசோதித்துப் பார்க்கிறேன் என்று வெட்டாதே.

அண்ணா ஸ்காபரோவில் இருக்கிறார். கோடையில் ஏரிக்கு மீன் பிடிக்கப் போக, பெட்டி பெட்டியாக நைட்குரோலர் வாங்கி ஃபிரிட்ஜில் வைக்கிறார், அண்ணி ஏசிக்கொண்டே இருக்கிறா. நீளமும் தடிப்பும் அப்படி! மார்கழியில் வரும்போது ஒரு பெட்டி கொண்டுவரட்டா என்று கேட்கிறார். இங்கே பெருக்க முடியுமா? ஃபிரிட்ஜிலேயே வளர்க்கலாமா?
– வெள்ளவத்தை வாசகர்

வேண்டாம் என்று இன்றைக்கே அண்ணாவுக்குச் சொல்லிவிடுங்கள். அனுமதி இல்லாமல் உயிருள்ள புழுவையும் மண்ணையும் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. அது முதல் காரணம்.

இரண்டாவது, அந்தப் புழுவைப் பெட்டியில் பெருக்குவது கனடாவிலேயே கஷ்டம். அதன் பெயர் லம்பிரிகஸ் டெரெஸ்ட்ரிஸ். செங்குத்தாக 2 மீற்றர் வரைக்கும் நிலத்தைத் துளைத்து, தனக்கென்று ஒரு நிரந்தர வளையில் இருக்கும். இரவில் தலையை மட்டும் வெளியே நீட்டி, இலைகளைப் பிடித்து வளைக்குள் இழுத்துக்கொள்ளும். வால் வளைக்குள் ஊன்றியபடியே இருக்கும். உடல் வளையங்களில் இருக்கிற சின்ன முள்மயிர்களால் சுவரை அப்படி இறுக்கிப் பிடிக்கும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். மண்புழு முட்டையை ஒரு சின்ன உறைக்குள் இடும், அதைத்தான் கூடு என்கிறோம். இந்தப் புழுவின் ஒரு கூட்டில் பெரும்பாலும் ஒரே குஞ்சு. அது வளர்ந்து முட்டையிட ஏறத்தாழ ஒரு வருடம். நம் ஆபிரிக்கப் புழுவோ ஒரு கூட்டில் இரண்டு மூன்று குஞ்சு விட்டு, குஞ்சுகள் இரண்டு மாதத்துக்குள் தாமே முட்டையிடத் தொடங்கிவிடும்.

அப்படியென்றால் கடைக்கு அந்தப் புழு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலானவை ஒன்ராறியோவின் தென்மேற்குப் பகுதி வயல்களில் கையால் பொறுக்கியவை. மழை பெய்த இரவுகளில் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு, காலில் தகரப் பேணி கட்டி, குனிந்த முதுகோடு விடியும் வரை பொறுக்குவார்கள். ஒரு பேணியில் மரத்தூள், விரல் வழுக்காமல் இருக்க. மற்றதில் புழு. இத்தாலி, கிரேக்கம், போர்த்துக்கல், வியட்நாம் என்று காலத்துக்குக் காலம் புதிதாய் வந்து இறங்கிய சனம்தான் இந்த வேலை செய்தது. அண்ணாவின் ஃபிரிட்ஜில் இருக்கிற ஒவ்வொரு புழுவும் ஒருவருடைய இரவு உழைப்பு, அதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

ஃபிரிட்ஜில் அந்தப் புழு சில கிழமை உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். வளராது. நம்முடைய ஆபிரிக்கப் புழுவை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். 15 பாகைக்குக் கீழே போனால் சுருங்கத் தொடங்கும், ஃபிரிட்ஜ் குளிரில் செத்தே போகும். கனடாக் குறிப்பைப் பார்த்து இங்கே செய்து புழுவை இழந்தவர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். குளிர் நாட்டுக் குறிப்பு குளிர் நாட்டுப் புழுவுக்கு.

அண்ணாவுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். மிஞ்சிய புழுவைக் காட்டில் கொட்டக் கூடாது. கடைசிப் பனியுகத்தில் கனடாவின் பெரும்பகுதி பனிப்பாறையால் மூடியிருந்தது, அங்கே மண்புழுவே மிஞ்சவில்லை. பிறகு பத்தாயிரம் வருடத்துக்கு மேல் அந்தக் காடுகள் புழு இல்லாமலே வளர்ந்தவை. உதிர்ந்த இலை மெல்ல மக்கித் தடித்த மெத்தையாகக் கிடக்கும், அதில்தான் காட்டுப் பூக்களும் இளம் மரக்கன்றுகளும் முளைக்கும். இந்தப் புழு ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தது. அது அந்த இலை மெத்தையைத் தின்று தீர்க்கிறது. தூண்டில்காரர் கரையில் கொட்டிவிட்டுப் போவது அது பரவுகிற வழிகளில் ஒன்று. இரைப் பெட்டியில் இருப்பதை நீர்நிலையிலோ, அதிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ கொட்டுவது ஒன்ராறியோவில் சட்டப்படி குற்றம். குப்பைப் பையில் கட்டிப் போடச் சொல்லுங்கள்.

நாமும் அப்படித்தான் நடக்க வேண்டும். ஆபிரிக்கப் புழுவும் நம் மண்ணுக்கு வந்த புழுதான். மிஞ்சினால் பெட்டிக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். மீன் தொட்டி அலுத்துப்போனவர்கள் ‘டாங்க் கிளீனர்’ மீனை வாய்க்காலில் விட்டதன் பலனை இன்று வலைக்காரரும் தூண்டில்காரரும் சேர்ந்து அனுபவிக்கிறார்கள். எனக்கு இதில் ஆத்திரம் உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பாறைகளில் நின்று தூண்டில் போடுகிறோம். இந்தப் புழு கடலுக்கு உதவுமா?
– இரு நண்பர்கள், பம்பலப்பிட்டி

உதவாது. கடல் தண்ணீரில் சற்று நேரத்திலேயே சுருண்டு வெளிறி, முள்ளில் வெறும் தோலாகத் தொங்கும். இறால், கணவாய்த் துண்டு, சூடை மீன் போடுங்கள். தென்மேல் பருவக்காற்று வீசுகிற மாதங்களில் அந்தப் பாறைகளில் ஏறவே வேண்டாம், தம்பிமார்.

பொல்கொடையில் திலாப்பியாவுக்குப் போடுகிறேன். வளர்த்த புழு மெதுவாக இருக்கிறது, சின்ன மீன் வந்து பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது, முள் வெறுமையாக வருகிறது. பாண் உருண்டைக்கே திரும்பிப் போகலாமா என்று யோசிக்கிறேன்.
– தெஹிவளை வாசகர்

புழுவை நேரே பெட்டியிலிருந்து எடுத்துக் கொண்டுபோகிறீர்கள் போல. குடல் நிறையச் சாணியும் பழமும் இருக்கிற புழு மெதுவாகத்தான் இருக்கும், குத்தியதும் பிதுங்கும். போவதற்கு இரண்டு இரவு முன்னால், வேண்டிய அளவு பெரிய புழுக்களை எடுத்து, ஈரக் கடதாசிக் கீற்று நிரப்பிய ஐஸ்கிறீம் பெட்டியில் விடுங்கள். மூடியில் துளை போடுங்கள். சாப்பாடு கொடுக்கக் கூடாது. குடல் காலியாகித் தோல் இறுகும். எடுத்துப் பார்த்தால் உங்கள் விரலுக்கே வித்தியாசம் தெரியும், கையில் நிற்காமல் துள்ளும். கரையில் பெட்டியை நிழலில் வைத்து மேலே ஈரத்துணி போடுங்கள். வாகனத்துக்குள் விட்டுவிட்டுப் போனால் அரை மணியில் வெந்துவிடும்.

திலாப்பியாவுக்கு முழுப் புழு போடுவது வீண். 1952இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த மீன் அது, இப்போது எந்தக் குளத்திலும் உண்டு, ஆனால் வாய் சின்னது. இரண்டு சென்ரிமீற்றர் துண்டு, சின்ன முள், முள்ளின் முனை வரைக்கும் புழுவை ஏற்றி, தொங்குகிற வாலைக் கிள்ளிவிடுங்கள். தொங்குகிற வாலைத்தான் சின்ன மீன் பிய்க்கிறது. இருட்டுகிற நேரம் கெளுத்திக்கோ விலாங்குக்கோ போடுவதாக இருந்தால் மட்டும் முழுப் புழு. தலைப் பக்கம் ஓர் இடத்திலும் நடுவில் ஓர் இடத்திலும் குத்தி, வாலை ஆட விடுங்கள். ஈயத்தைக் கொஞ்சம் கூட்டி அடியில் கிடக்க விட வேண்டும்.

பாண் உருண்டையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். திலாப்பியா அதையும் விரும்பி எடுக்கும். ஆனால் கெளுத்தியும் விலாங்கும் புழு வாசத்துக்கு வருகிற மாதிரிப் பாணுக்கு வராது.

டீச்சர், வீட்டில் இருந்தபடி ஏதும் செய்யலாம் என்று யோசிக்கிறேன். புழு வளர்த்துத் தூண்டில் கடைகளுக்குக் கொடுக்கலாமா? ஒரு பெட்டியிலிருந்து எப்போது எடுக்கத் தொடங்கலாம்?
– வத்தளை வாசகி

செய்யலாம் பிள்ளை, ஆனால் அவசரப்படக் கூடாது. முதல் மூன்று மாதம் ஒரு புழுவைக் கூட எடுக்காதேயுங்கோ. கூட்டிலிருந்து குஞ்சு வெளிவர இரண்டு மூன்று கிழமை, அது தடித்த வளையம் வந்து பெரிய புழுவாக ஐந்து முதல் எட்டுக் கிழமை. முதல் தலைமுறை பெரிதான பிறகு பெட்டியை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று தாய்ப் பெட்டி, அதில் கை வைக்கவே கூடாது. மற்றதிலிருந்துதான் விற்பனை.

பிரிப்பதற்கு ஒரு பொலித்தீன் விரித்து, பெட்டியை அதன் மேல் குவியலாகக் கொட்டி, மேலே பல்பைப் பிடியுங்கள். வெளிச்சத்துக்குப் பயந்து புழுக்கள் அடிக்கு இறங்கும். மேல்படையைக் கையால் வழித்து எடுங்கள், கொஞ்சம் பொறுங்கள், திரும்ப வழியுங்கள். கடைசியில் அடியில் புழு மட்டும் உருண்டையாக இருக்கும். வழித்த எச்சத்தை எறிந்துவிட வேண்டாம், அதற்குள் கூடுகள் இருக்கும். பழுப்பு நிறம், 5, 6 மில்லிமீற்றர் நீளம், இரண்டு பக்கமும் கூர். மூன்று நாலு கிழமை ஈரமாக வைத்தால் குஞ்சு எல்லாம் வந்துவிடும். பிறகு அதைச் சலித்துப் பூங்கன்றுக்காரருக்குக் கொடுங்கள். கொழும்பில் புழுவைவிட அந்த உரத்துக்கு ஆள் கூட. மாதம் முழுக்கப் பூச்சட்டிக்காரர் வாங்குவார்கள், தூண்டில்காரர் சனி, ஞாயிறில் மட்டும்தான் வருவார்கள். கணக்குப் போடும்போது இரண்டையும் சேர்த்துப் போடுங்கோ. கடைக்குக் கொடுக்க முதல் உங்கள் பக்கத்துத் தூண்டில்காரர் நாலு பேருக்குக் கொடுத்து, எந்த அளவுப் புழு வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.